கூரையில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாலை நான்கு மணி. கிள்ளானில் ஒரு வரிசை வீடு. வானம் கறுத்து, இடி இடித்து, அரை மணி நேரம் மழை கொட்டி ஓய்கிறது. வரவேற்பறையின் சீலிங்கில் ஒரு பழுப்பு வட்டம். போன மாதம் தட்டு அளவில் இருந்தது, இன்று தாம்பாளம் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதன் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்குகிறது. வீட்டம்மா வாளியைக் கொண்டுவந்து வைக்கிறார். வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்கிறார்.

"யாராவது ஆளைக் கூப்பிடுங்க" என்கிறார் மனைவி.

"போன தடவை வந்தவன் காசை வாங்கிக்கிட்டு எதையோ பூசிட்டுப் போனான். ஒரு மாசம்கூடத் தாங்கல. ஓடுதானே? நானே ஏறி மாத்திடறேன்."

பக்கத்து வீட்டில் ஏணி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். மகன் தொலைபேசியைப் பார்த்தபடி ஏணியைப் பிடித்துக் கொள்வான். அவ்வளவுதான் ஏற்பாடு.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் மழைக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு வீட்டைக் காணலாம். வீட்டுக் கூரையை வீட்டுக்காரரே ஏறிப் பழுது பார்க்கலாமா, கூடாதா? இன்றைய அரங்கின் பொருள் இதுதான். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஒரு குடும்பத்தின் வருமானமும், ஒரு மனிதரின் முதுகெலும்பும், சில வேளைகளில் உயிரும் இதில் அடங்கியிருக்கின்றன.

ஏறத் தூண்டுவது எது?

ஏணியை எடுக்கும் மனிதரை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நியாயமல்ல. அவரை மேலே அனுப்புபவை மூன்று.

முதலாவது பணம். மாதக் கடைசியில் கூரை ஒழுகினால் வீட்டுக் கடனுக்கும் காருக்கும் போக மிச்சம் என்ன இருக்கும்? ஓட்டின் விலை கொஞ்சம்தான். ஏறி மாற்றும் கூலிதான் அதிகம். அந்தக் கூலியை மிச்சப்படுத்தலாமே என்று மனம் கணக்குப் போடுகிறது.

இரண்டாவது அவநம்பிக்கை. மூன்று பேரைக் கேட்டால் மூன்று விலை. ஒருவர் கூரை முழுவதையும் மாற்ற வேண்டும் என்பார். இன்னொருவர் சிலிக்கான் பூசினால் போதும் என்பார். வேலை முடிந்ததா இல்லையா என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. மேலே நடந்தது மேலே போனவருக்குத்தான் வெளிச்சம். ஆகவே, தானே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது.

மூன்றாவதைப் பலரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது அப்பாவின் நினைவு. தோட்டப்புறத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு, அப்பா தகரக் கூரையில் ஏறித் தார் பூசிய காட்சி மறக்காது. அவர் யாரையும் கூப்பிட்டதில்லை. கூப்பிடக் காசும் இருந்ததில்லை. ஆணியும் சுத்தியும் அவரிடமே இருந்தன. "எங்கப்பா செஞ்சாரு, எனக்கு முடியாதா?" என்ற கேள்வியில் பாசமும் இருக்கிறது, மானமும் இருக்கிறது.

இந்த மூன்றையும் மதிக்க வேண்டும். மதித்துவிட்டு ஒன்றைக் கேட்க வேண்டும். அப்பா ஏறிய கூரையும் மகன் ஏறப் போகும் கூரையும் ஒன்றுதானா?

அத்தாப்பிலிருந்து ஓட்டுக்கு

கோலாலம்பூரின் கதையே ஒரு வகையில் கூரையின் கதைதான். 1880ஆம் ஆண்டில் சிலாங்கூரின் நிர்வாகத் தலைமையிடம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அன்றைய கோலாலம்பூரில் வீடுகள் பெரும்பாலும் மரமும் அத்தாப்பும்தான். 1881 ஜனவரியில் பெரும் தீ ஊரை எரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து மிச்சத்தைக் கொண்டு போனது. 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரத்து வீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்று முனைந்தார். அதற்குச் செங்கல் வேண்டும். அப்போது எழுந்த செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். காப்பித்தான் யாப் ஆ லோயின் பெயர் அந்தச் சூளைகளோடு சேர்த்துப் பேசப்படுகிறது.

ஒருவர் வீட்டுக் கூரை எரிந்தால் ஊரே எரியும் என்று தெரிந்த பிறகுதான் கூரை பொது விஷயமாயிற்று. ஓடு வந்தது, தீயின் ஆபத்து குறைந்தது. ஆனால் வேறொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. கூரை உயர்ந்தது, கனத்தது. அத்தாப்பைக் கட்டியவர் தாழ்ந்த கூரையில் வேலை செய்தார். லயத்துத் தகரமும் தாழ்ந்ததுதான். இன்றைய இரட்டை மாடி வரிசை வீட்டில் கூரையின் விளிம்பே சுமார் ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கான்கிரீட் ஓட்டின் எடை நான்கு, ஐந்து கிலோ. கீழே சிமெண்டுத் தரை, காங்கிரீட் கால்வாய், இரும்புக் கதவு.

அப்பாவின் துணிச்சல் மகனுக்கு வந்திருக்கலாம். அப்பாவின் கூரை வரவில்லை.

ஒரு வினாடிக் கணக்கு

பள்ளியில் படித்த கணக்குதான். மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொட ஒரு வினாடிகூட ஆவதில்லை, முக்கால் வினாடிக்குச் சற்று மேல். அப்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். ஆறு மீட்டர் என்றால் ஒரு வினாடியும் சொச்சமும். வேகம் மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர். அந்த வேகத்தில் மோட்டார் சைக்கிளில் போய்ச் சுவரில் மோதினால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விழும்போது எதையாவது பிடித்துக் கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. கை நீள்வதற்குள் தரை வந்துவிடும்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் கூறியது. விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இதில் படியில் தடுக்கி விழுபவர்களும், குளியலறையில் வழுக்கி விழும் முதியவர்களும் அடக்கம். கூரையிலிருந்து விழுவோர் அதில் ஒரு பகுதியினர். ஆனால், இவர்கள் வேண்டுமென்றே உயரத்துக்குப் போய் விழுபவர்கள்.

தொலைக்காட்சி அரங்கு என்பதால் தொலைக்காட்சி உலகத்தில் நடந்த ஒன்றையே எடுத்துக் கொள்ளலாம். பிரிட்டனில் ஈமு என்ற பறவைப் பொம்மையோடு மேடையேறி, குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை சிரிக்க வைத்தவர் ராட் ஹல். 1999 மார்ச் 17ஆம் தேதி இரவு மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கும் இத்தாலியின் இண்டர் மிலான் அணிக்கும் கால்பந்து ஆட்டம். தொலைக்காட்சியில் படம் தெளிவாகத் தெரியவில்லை. ஆன்டெனாவைத் திருப்பி வைக்கத் தம் வீட்டுக் கூரையில் ஏறினார். வழுக்கி விழுந்தார். பிழைக்கவில்லை. அவருக்கு வயது 63.

அவர் குடிபோதையில் சாகசம் செய்யப் போனவரல்ல. இரண்டு நிமிட வேலை என்று நினைத்துப் போனவர். கூரையில் ஏறுபவர்கள் அனைவரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வேலை இரண்டு நிமிடமாக இருக்கலாம். உயரம் நிமிடத்தைப் பார்த்துக் குறைவதில்லை.

காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?

உயரம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. தெரியாதவையும் உண்டு.

ஓட்டைப் பாருங்கள். நம் நாட்டு வெப்பத்திலும் மழையிலும் ஓட்டின் மேல் பாசி பிடிக்கிறது. காய்ந்திருக்கும்போது கறுப்புக் கறை போலத்தான் தெரியும். காலைப் பனியில் ஈரமானால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். ஓட்டைத் தாங்கும் மரச் சட்டத்தைக் கறையான் அரித்திருந்தால் மேலே நிற்பவருக்குத் தெரியாது, கால் உள்ளே போகும் வரை.

அடுத்தது கல்நார் என்னும் ஆஸ்பெஸ்டாஸ். பழைய வீடுகள், மலிவு விலை வீடுகள், பின்புறத்துச் சமையலறைகள் ஆகியவற்றின் கூரைகளில் நெளிநெளியான சாம்பல் நிறத் தகடுகள் இருக்கும். அவற்றில் பல கல்நார் கலந்த சிமெண்டால் ஆனவை. ஆண்டுகள் ஆக ஆக அப்பளம் போல் நொறுங்கும். ஆணி அடித்த வரிசையில் கால் வைத்தால் உடையாது என்பது பழைய நம்பிக்கை. அதை நம்பி ஏறி, தகடு உடைந்து உள்ளே விழுந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

கல்நார்த் தகட்டால் இன்னொரு கெடுதலும் உண்டு. அதை உடைத்தாலோ, அறுத்தாலோ, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் வெளிவரும். மூச்சோடு அவை நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. மலேசியாவில் கல்நார்த் தூசும் இழையும் 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் ஆபத்தான கழிவாகப் பட்டியலிடப்பட்டவை. உடைந்த தகட்டைப் பின்சந்தில் போட்டுவிட்டுப் போவது தெருப் பிள்ளைகளுக்கு நோயை எழுதி வைப்பதற்குச் சமம்.

கார் நிறுத்துமிடத்துக்கு மேலே போட்டிருக்கும் பிளாஸ்டிக் அல்லது பாலிகார்பனேட் கூரையும் அப்படியே. அது மழையைத் தாங்கத்தான் போட்டது. மனிதரைத் தாங்க அல்ல.

பிறகு மின்சாரம். சீலிங்குக்கு மேலே கம்பிகள் ஓடுகின்றன. நீர் ஒழுகும் இடத்தில் அவையும் நனைந்திருக்கலாம். அலுமினிய ஏணி வாசலுக்கு வெளியே போகும் மின்கம்பியைத் தொட்டால் ஒரே கணம்தான். கடைசியாக, வானம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியும் மின்னலும் விருந்தாளிகளல்ல, குடியிருப்பவர்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிய பருவ மாற்றக் காலத்தில் பகல் வெயிலும் பிற்பகல் இடிமழையும் நாள் தவறாமல் வரும். மேகம் கூடுகிறது என்று பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு ஓடுதான்" என்று மேலேயே நிற்பவரைப் பற்றி என்ன சொல்வது?

ஏறாமலே செய்யக்கூடியவை

அப்படியானால் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? இல்லை. கூரை வேலையில் சரிபாதி கூரையின் மேல் இல்லை. அந்தப் பாதியை வீட்டுக்காரர் தாராளமாகச் செய்யலாம். அதைச் சரியாகச் செய்தால் மறுபாதியில் ஏமாற வேண்டியிருக்காது.

முதல் வேலை, நீர் எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பது. சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உடைப்பு இருக்கும் என்று நினைப்பது பெரும் தவறு. ஓட்டுக்கு அடியில் நுழைந்த நீர், சாய்ந்த கைமரத்தின் வழியே பல அடி தூரம் ஓடி வந்து, தடை வரும் இடத்தில்தான் சொட்டும். பகலில் சீலிங் திறப்பின் வழியே கைவிளக்கை அடித்துப் பார்த்தால் மரத்தில் ஈரத் தடம் தெரியும். சில வேளை உடைந்த இடத்தில் வெளிச்சப் புள்ளியே தெரியும். எட்டிப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டும். சீலிங் பலகை ஆளைத் தாங்காது.

மேலே பார்ப்பதற்கு முன் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல வீடுகளில் கூரைக்கு அடியில்தான் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மழை பெய்யாத நாளிலும் சொட்டுகிறதா? அப்படியானால் குற்றவாளி கூரையல்ல, தொட்டியோ குழாயோதான். ஓடு மாற்ற ஏறியவர் ஓட்டில் ஒன்றும் இல்லாமல் இறங்குவது இதனால்தான்.

இரண்டாவது, வெளியிலிருந்து பார்ப்பது. தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் படம் எடுத்தால், நழுவிய ஓடும் விரிசல் விட்ட முகடும் தெரிந்துவிடும். ஒழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் பழக்கமான சில இடங்கள்தான்: முகட்டு ஓட்டைப் பிடித்திருக்கும் சாந்து, இரண்டு சரிவுகள் கூடும் பள்ளம், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரோரம், இலை அடைத்த மழைநீர்க் கால்வாய், துருவேறிய ஆணித் துளை.

மூன்றாவது, முதலுதவி. ஒழுகும் இடத்துக்குக் கீழே உள்ள விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சீலிங் நீர் கோத்து வயிறு போல் தொங்கினால், வாளியை வைத்து, ஓரமாக நின்று, சிறு துளையிட்டு நீரை வடிய விட வேண்டும். இல்லாவிட்டால் பலகையே பெயர்ந்து தலையில் விழும். இத்தனையும் செய்தால் இரண்டு நாள் பொறுக்கலாம். அவசரம் இரண்டு நாள் தள்ளிப் போனால், பாதி விபத்துகள் அதிலேயே தப்பும்.

ஏணி ஏறவே கூடாதா என்று கேட்கலாம். ஒற்றை மாடி வீட்டின் கூரையோரக் கால்வாயில் அடைத்த இலையை எடுப்பதற்கு ஏறலாம். அதற்கும் முறை இருக்கிறது. நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி ஏணியின் அடியை வைக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரம் என்றால் முக்கால் மீட்டர். கால்வாய் மூடியின் மேல் வைக்கக் கூடாது. கீழே பெரியவர் ஒருவர் இரு கைகளாலும் பிடிக்க வேண்டும். ஏறியவர் பக்கவாட்டில் எட்டக் கூடாது, இறங்கி ஏணியை நகர்த்தி வைக்க வேண்டும். ரப்பர் செருப்பும் கைலியும் கூடாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், தலைசுற்றல் உள்ளவர்கள் அதையும் விட்டுவிட வேண்டும்.

ஏணியிலிருந்து கூரைக்குக் கால் மாற்றும் இடம்தான் எல்லைக்கோடு. அதற்கு இப்பால் வீட்டு வேலை. அதற்கு அப்பால் தொழில். இடுப்பில் ஒரு கயிற்றைச் சுற்றிக்கொண்டு, மறுமுனையை மகனிடம் கொடுத்துவிட்டுப் போவது பாதுகாப்பல்ல. விழுந்தால் கயிறே குடலை நசுக்கும், மகனையும் சேர்த்து இழுக்கும்.

ஆளை ஏற்றினால் ஆபத்து போய்விடுமா?

இங்கேதான் பலர் பேச்சை முடித்துவிடுவார்கள். "நீங்கள் ஏறாதீர்கள், ஆளை வையுங்கள்" என்பார்கள். ஆனால் வீட்டுக்காரர் ஏறவில்லை என்பதால் ஆபத்து மறைந்துவிடவில்லை. அது இன்னொருவர் தலைக்கு மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வது நல்லது. 2009ஆம் ஆண்டில், உலகப் பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க, அந்நாட்டு அரசாங்கம் வீட்டுக் கூரைகளுக்கு அடியில் வெப்பத் தடுப்பு போடும் திட்டத்தைக் கொண்டு வந்தது. வேலை குவிந்தது. புதுப்புது நிறுவனங்கள் முளைத்தன. போதிய பயிற்சி இல்லாத இளைஞர்கள் கூரைக்குள் அனுப்பப்பட்டார்கள். நான்கு இளைஞர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கடும் வெப்பத்தால். அவர்களில் மிக இளையவருக்கு வயது 16. 2010 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2014இல் அரச விசாரணை ஆணையம் அறிக்கை வெளியிட்டு, அரசாங்கத்தின் அவசரத்தையும் மேற்பார்வைக் குறைவையும் கடுமையாகச் சாடியது.

நான்கு பேரும் யாரோ ஒருவர் வீட்டுக்காக மேலே போனவர்கள். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள்தான், அரசாங்கத்தின் நோக்கமும் நல்லதுதான். ஆனால் மேலே போகிறவருக்கு என்ன தெரியும், என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

அதே கேள்வியை இங்கேயும் கேட்டுப் பார்க்க வேண்டும். விலை குறைவாகச் சொன்னவர் எப்படிக் குறைத்தார்? சாரம் கட்டாமல், பாதுகாப்பு வார் இல்லாமல், வெறுங்காலோடு ஓர் இளைஞரை மேலே அனுப்பியதால்தானே? அந்த இளைஞர் பெரும்பாலும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர். வீட்டுக்காரர் தம் பிள்ளையை அனுப்பத் தயங்கும் இடத்துக்கு, அடுத்தவர் பிள்ளையை ஐம்பது வெள்ளி குறைகிறது என்பதற்காக அனுப்பலாமா?

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல், சில விலக்குகள் தவிர, எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. கூலிக்கு ஆள் ஏறும் கூரையும் ஒரு வேலையிடம்தான். கட்டுமான வேலை செய்யும் குத்தகையாளர் சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். சொந்தத் தொழில் செய்பவர்களுக்குச் சொக்சோ பாதுகாப்பு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. கட்டுமானத் துறையும் அதில் சேர்க்கப்பட்டது.

ஆகவே, விலை கேட்கும்போதே நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். சிஐடிபி பதிவு உண்டா? ஆட்களுக்குச் சொக்சோ உண்டா? மேலே என்ன பாதுகாப்போடு ஏறுவார்கள்? வேலைக்கு முன்னும் பின்னும் அதே இடத்தைப் படம் எடுத்துத் தருவார்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. "மேலே போனவருக்குத்தான் வெளிச்சம்" என்ற பழைய குறைக்கு அதுவே மருந்து. தாமே ஏற வேண்டும் என்ற ஆசையில் பாதி, அந்தப் படத்தைப் பார்த்ததும் அடங்கிவிடும். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர் வேலையிலும் முகம் சுளிப்பார். அவரை விட்டுவிடலாம்.

வீட்டில் இருப்பவர்களின் காப்பையும் பார்த்துக் கொள்ள வேண்டும். இல்லத்தரசிகளுக்கான சொக்சோ திட்டம் 2022 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கியது. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில், வீட்டு வேலையின்போது நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு தர ஏற்பட்டது அது. நம் குடும்பங்களில் எத்தனை பேர் அதில் சேர்ந்திருக்கிறார்கள் என்று அவரவர் வீட்டிலேயே விசாரித்துப் பார்க்கலாம்.

ஒரே வரிசை, ஒரே கூரை

பணத்துக்கு என்ன வழி? தனி வீட்டுக்காரராக யோசித்தால் வழி குறைவு. வரிசையாக யோசித்தால் உண்டு.

வரிசை வீடுகளுக்குக் கதவுதான் தனித்தனி. கூரை ஒன்றேதான். ஒரே ஆண்டில் கட்டியவை, ஒரே வெயிலில் காய்ந்தவை. ஒரு வீட்டு முகட்டில் சாந்து விட்டுப் போயிருந்தால் அடுத்த வீட்டிலும் அதிக நாள் தாங்காது. பொதுச் சுவரோரம் ஒழுகினால், இந்தப் பக்கம் மட்டும் பூசிப் பயனில்லை. நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் ஒரே குத்தகையாளரை வைத்தால், சாரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஆகும் செலவு பங்காகிறது. மலிவாக ஏற்றாமலே மலிவாக முடிக்க வழி இதுதான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கூடிச் செய்யத் தெரிந்த சமூகத்துக்கு, கூரைக்குக் கூடிச் செய்யத் தெரியாதா? ருக்குன் தெத்தாங்கா கூட்டத்தில் பேச இதைவிட நல்ல விஷயம் வேண்டுமா?

பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு வேறு கணக்கு. மேல் மாடியில் ஒழுகுகிறது என்று மொட்டை மாடிக்குப் போய்த் தாமே தார் பூச வேண்டியதில்லை. பொதுக் கூரையைப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிகளின்படி, மேல்தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு நீர் கசிவதாக அறிவித்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து சோதிக்க வேண்டும். வாயால் சொன்னால் காற்றோடு போகும். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக் கொள்ள வேண்டும்.

எதற்காக ஏறுகிறோம்?

2021 டிசம்பர் 18ஆம் தேதியை இந்த வட்டாரம் மறக்காது. ஷா ஆலம் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியபோது மக்கள் மேல் மாடிகளுக்கும் கூரைகளுக்கும் ஏறி, இருட்டிலும் மழையிலும் உதவிக்குக் காத்திருந்தார்கள். அன்று கூரையில் ஏறியவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. கீழே மரணம் இருந்தது. மேலே உயிர் இருந்தது.

சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் அது தலைகீழ். கீழே உயிர் இருக்கிறது. மேலே ஒரு ஓடு உடைந்திருக்கிறது. ஏணியில் கால் வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எதைக் காப்பாற்ற எதைப் பணயம் வைக்கிறோம்? உயிரைக் காக்க ஏறுவது வேறு, வாளியை நகர்த்தி வைத்தால் பொறுத்துக் கொள்ளும் ஒரு சொட்டு நீருக்காக ஏறுவது வேறு.

வலியறிதல் என்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். மரத்தின் உச்சிக் கிளை வரை போனவர், ஊக்கம் இருக்கிறதென்று இன்னும் மேலே போகப் பார்த்தால் என்ன ஆகும் என்று அதில் எச்சரிக்கிறார். ஏறுவதை அவர் பழிக்கவில்லை. எது வரை என்று தெரிந்து நிற்பதைத்தான் வலிமை என்கிறார்.

கிள்ளான் வீட்டுக்குத் திரும்புவோம். வீட்டுக்காரர் ஏணியை வாங்கி வந்துவிட்டார். சாய்த்தும் வைத்துவிட்டார். இப்போது அவர் சற்று நின்று, தொலைபேசியில் கூரையைப் படம் எடுத்து, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணே, உங்க வீட்லயும் ஒழுகுதா?" என்று கேட்டால், அவர் கோழையாகிவிட்டதாக அர்த்தமில்லை. அப்பாவைவிடக் குறைந்தவராகிவிட்டதாகவும் அர்த்தமில்லை. அந்த அப்பா லயத்துக் கூரையில் ஏறியது எதற்காக? கீழே படுத்திருந்த பிள்ளைகள் நனையாமல் இருக்கத்தானே? அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் இன்று ஏணியின் அடியில் நிற்கிறார். அவரை நம்பியும் சிலர் கீழே இருக்கிறார்கள்.

கூரையை மறுபடி வாங்கலாம். குடும்பத்தலைவரை வாங்க முடியாது.